வந்தால் சொல்கிறேன் என்றீர்கள்

நானா,

என் வான் வண்டியின் முன் சீற்றில் வெயில் ஏறினால் இன்னும் உங்கள் அத்தர் மணக்கிறது. உறையைக் கழற்றித் தோய்த்துப் பார்த்தேன், கதவுகளைத் திறந்து காற்றாடவிட்டேன், என் மனுசி சொன்னபடி சாம்பிராணியும் போட்டேன். போகவில்லை. அதைப் பூசிக்கொண்டு நீங்கள் ஏறும்போதெல்லாம், சொந்த அண்ணனைக் கேட்பதுபோல, "நானா, பறவை பார்க்கப் போறமோ, கலியாணத்துக்குப் போறமோ?" என்று கேட்டிருக்கிறேன். "பறவைக்கும் மூக்கு இருக்குத் தம்பி" என்பீர்கள். மூக்கு இருந்தால் அது எழும்பி இந்தியாவுக்கே ஓடிவிடும் என்று நான் சொல்வேன். இப்போது அந்த மணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியைத் தனியே ஓட்டித் திரிகிறேன்.

இன்று காலை பாலத்தடிக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது போன் அதிர்ந்தது. வரும் மாதம் மன்னாருக்கு வரப்போகும் ஒரு வெள்ளைக்காரர். பூநாரைகள் வந்துவிட்டனவா என்று கேட்டிருந்தார். 'ஹேவ் த பேர்ட்ஸ் கம்?' நல்ல கேள்வி. என் விரல் தானாகவே உங்கள் பெயரைத் தேடிப் போனது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆள் நீங்கள்தானே. விரலுக்கு விசயம் இன்னும் தெரியாது போலிருக்கிறது. பிறகு கோப்பையை வைத்துவிட்டு நானே கடல்நீரேரிக் கரைக்கு நடந்து போய்ப் பார்த்தேன். சில கொக்குகளும் ஒரு கழுதையும் நின்றன. இன்னும் வரவில்லை என்று எழுதி அனுப்பினேன்.

அங்கே நின்றபோதுதான் உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. எழுத ஒரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் உங்களுக்கே திரும்பச் சொல்வதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைகளைக் கேட்க வேறு ஆளும் எனக்கு இல்லை.

சண்டை ஓய்ந்து, ரயில் திரும்பவும் தலைமன்னார் வரை ஓடத் தொடங்கிய காலம் அது. பறவை பார்க்கிற வெளிநாட்டார் ஒவ்வொருவராக வரத் தொடங்கியிருந்தார்கள். என்னிடம் வான் இருந்தது. உங்களிடம் ஒரு சைக்கிளும், எந்தப் பறவை எந்தச் சேற்றில் நிற்கும் என்ற அறிவும் இருந்தன. நீங்கள் விடியலில் கரையோரமாகச் சுற்றிவிட்டு எங்கே என்ன இறங்கியிருக்கிறது என்று எனக்குச் சொல்லவேண்டும். நான் விடுதியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு நேரே அங்கே வரவேண்டும். இவ்வளவுதான் எங்களுடைய தொழில்.

முதல் வருடமே அது நாறிப்போனது. "வந்திட்டுது தம்பி, வந்திட்டுது! கூட்டமா வந்திட்டுது!" என்று போனில் கத்தினீர்கள். நானும் விடுதியில் காலைச் சாப்பாட்டுக்குப் பாணைக் கடித்துக்கொண்டிருந்த சனத்தை அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்து வந்தேன். வந்து பார்த்தால் வெறுந்தண்ணீர். நீங்கள் அசடு வழிய வானத்தைக் காட்டினீர்கள். வங்காலைப் பக்கமாக மெல்லிய ரோசாக் கோடு ஒன்று போய்க்கொண்டிருந்தது. "மேலால வந்தது. இறங்கும் எண்டு நினைச்சன்" என்றீர்கள். பாண் கடித்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

அன்று முழுக்க உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பின்னேரம் யோசித்துப் பார்த்தால் பிழை உங்களுடையது மட்டுமில்லை என்று பட்டது. நம்முடைய ஊரே அப்படித்தானே. குளியலறைக்குள் நின்றுகொண்டு "வந்திட்டன், வந்திட்டன்" என்று போனில் சொல்லாத மன்னார்க்காரனை நான் இன்னும் காணவில்லை. மேசன் "வந்திட்டன்" என்றால் அவன் படுக்கையால் எழும்பவில்லை. "வாறன்" என்றால் இன்றைக்கு வரமாட்டான். "நாளைக்கு வாறன்" என்றால் வேறு மேசனைத் தேடவேண்டியதுதான். யாரும் பொய் சொல்வதில்லை. வருகிற எண்ணம் வந்துவிட்டால் வந்த மாதிரித்தான் நமக்கு.

அப்போதுதான் நீங்கள் அந்த யோசனையைச் சொன்னீர்கள். அந்தக் காலத்து எங்கள் போன்களில் தமிழ் எழுத்து இல்லை. மெசேஜ் என்றால் எப்படியும் இங்கிலீசுதான். "அப்ப ஒரு கட்டுப்பாடு வைப்பம் தம்பி. தமிழில கதைக்கேக்க நாம எப்பிடியும் கதைப்பம். இங்கிலீசில எழுதினா முடிஞ்ச விசயத்த மட்டும்தான் எழுதுற. 'ஹேஸ் கம்' எண்டு நான் அனுப்பினா, வந்து, காலும் நனைஞ்சு, அங்கயே நிக்குது எண்டு அர்த்தம். நிக்காட்டி அனுப்ப மாட்டன்." நான் சிரித்தேன். ஆனால் அடுத்த நாளிலிருந்து நீங்கள் அப்படியே செய்தீர்கள். 'பேர்ட்ஸ் ஹேவ் கம்.' 'விண்ட் ஹேஸ் டேர்ன்ட்.' 'ட்ரெய்ன் ஹேஸ் கோன்.' தலைமன்னார்த் துறைக்கு அப்பாலிருக்கும் மணல்திட்டுக்களுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் நாட்களில், 'சாண்ட் ஹேஸ் மூவ்ட்.' போன கிழமை கால் வைத்த திட்டு இந்தக் கிழமை அதே இடத்தில் இருப்பதில்லை. அதை நீங்கள் கண்ணால் கண்ட பிறகுதான் எழுதுவீர்கள். அதன்பின் நான் ஒருநாளும் வெறுந்தண்ணீரைக் காட்டி வழியவில்லை.

இந்த இங்கிலீசு உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு பகிடிதான். சண்டைக் காலத்தில் இயக்கம் முஸ்லிம் ஆட்கள் எல்லாரையும் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்ன அந்த நாளில், கைக்குழந்தையையும் உங்கள் மனுசியான ராத்தாவையும் ஏற்றிக்கொண்டு வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போய் இறங்கினீர்கள். பிறகு புத்தளத்து முகாமில் ஒரு வாத்தியார் பின்னேரங்களில் பெரியாட்களுக்கு இங்கிலீசு சொல்லிக்கொடுத்தாராம். ஒவ்வொரு காலமாகப் படிப்பித்துக்கொண்டு வந்து, 'ஹேவ்', 'ஹேஸ்' போட்டு எழுதும் இடத்துக்கு வந்தபோது அவருக்கு சவூதிக்கு விசா சரிவந்துவிட்டது. வகுப்பு அந்தப் பாடத்தோடு நின்றது. "அதுதான் எனக்கு அதுக்கு மேல தெரியாது. சேர் ஹேஸ் கோன்" என்று நீங்கள் கையை விரித்துக் காட்டும்போது வெள்ளைக்காரர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

அவர்கள் விடமாட்டார்கள். எப்போது திரும்பி வந்தீர்கள் என்று கேட்பார்கள். நீங்கள் 'ஐ ஹேவ் கம் பாக்' என்பீர்கள். "வென்?" என்று திரும்பவும் கேட்பார்கள். நீங்கள் திரும்பவும் அதையே சொல்வீர்கள். நான் ஒருநாள் கேட்டேன், வருசத்தைச் சொன்னால் வாய் நோகுமா என்று. "இந்த டென்ஸில வருசம் சேர்க்க ஏலாது தம்பி, சேர் சொல்லியிருக்கிறார்" என்றீர்கள். வாத்தியார் அப்படிச் சொன்னாரோ தெரியாது. உங்களுக்கு அந்த வருசங்களை எண்ண விருப்பமில்லை என்று மட்டும் எனக்கு விளங்கியது. அதன்பின் அவர்கள் கேட்டால் நானே கதையை மாற்றிவிடுவேன்.

உங்கள் பழைய வீட்டை ஒரு தரம் காட்டினீர்கள். பறவை பார்க்கும் வழியில்தான். ஒரு சோடி வெள்ளைக்காரரும் வண்டியில் இருந்தார்கள். "நிப்பாட்டு" என்றீர்கள். கூரையில்லை, கதவில்லை, நிலத்தைப் பிளந்துகொண்டு ஒரு வேம்பு எழும்பிச் சுவரைவிட உயரமாக நின்றது. நீங்கள் அந்த இரண்டு பேருக்கும் காட்டி, 'மை ஹவுஸ் ஹேஸ் பிகம் ட்ரீ' என்றீர்கள். அந்தப் பெண் முதலில் சிரித்தாள். பிறகு சீமெந்துத் தரையையும் அடுப்படிக் கல்லையும் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் அதைக் கவனிக்காதவர்போல, மரத்தில் இருந்த ஒரு மீன்கொத்தியைக் காட்டினீர்கள். நான் திரும்பி வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். "ஏறுங்கோ, வெயில் ஏறப்போகுது" என்று மட்டும் சொன்னேன்.

அந்த மரத்தை நீங்கள் வெட்டவில்லை. அதே வளவில், கொஞ்சம் தள்ளி, புது வீட்டைக் கட்டினீர்கள். இரண்டு அறை, ஒரு விறாந்தை, கிணற்றடி. அடுப்படிதான் பெரியது. ஒரு ஆளுக்கு இவ்வளவு பெரிய குசினி எதற்கு என்று கேட்டேன். "ஒரு ஆளுக்கு ஆரு கட்டினது?" என்றீர்கள்.

ராத்தா புத்தளத்திலேயே இருந்தா. பிள்ளைகள் அங்கே வளர்ந்து, கடை கண்ணி, கலியாணம் என்று வேர்விட்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும் வந்து இங்கே இருந்தீர்கள். கிழமைக்கு ஒருதரம் போனில் கதைப்பீர்கள். வண்டிக்குள் இருந்து கதைத்தால் எனக்கும் கேட்கும். "எப்ப வாற?" என்பீர்கள். "இன்ஷா அல்லாஹ், வாறன்" என்று ராத்தா சொல்லுவா. "நோன்பு முடியட்டும், வாறன்." "மழை விடட்டும், வாறன்." "பேரனுக்குக் காய்ச்சல், மாறட்டும், வாறன்." வருசக்கணக்காக அந்த வாறனைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறேன். நீங்கள் போனைச் சட்டைப்பைக்குள் போடுவீர்கள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "என்னவாம், வருவாவாமோ?" என்று கேட்பேன். "வந்தா சொல்றன்" என்பீர்கள். அந்த இரண்டு சொல்லில்லாத நாளும் கிழமையும் கிடையாது என்று ஆகிவிட்டது.

ஈஸ்டர் சமயத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்தாவே, தலையில் துணித்தொப்பியும் கழுத்தில் பெரிய தொலைநோக்கியுமாக. தன் நாட்டில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்தவ. பேசாலைக் கோயில் வாசலில் அந்த வருடம் ஆங்கிலத்திலும் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்பதற்கு, 'ஹீ இஸ் ரிசன்.' நீங்கள் வண்டிக்குள்ளிருந்து அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "உங்கட கோயில்காரர் பிழையா எழுதிப்போட்டாங்கள். 'ஹேஸ்' வரவேணும்." எனக்குக் கோபம் வந்தது. கோயில் எழுத்தில் பிழை பிடிக்க இவர் ஆர் என்று.

கிழவிதான் பின்னால் இருந்து விளங்கப்படுத்தினா. முந்திய காலத்து இங்கிலீசில், வருவது, போவது, எழுவது, ஒன்று இன்னொன்றாக மாறுவது, இப்படியான சொற்களுக்கு 'ஹேஸ்' போடாமல் 'இஸ்' போடுவார்களாம். பூநாரைகள் வந்துவிட்டன என்பதையும் 'பேர்ட்ஸ் ஆர் கம்' என்றுதான் எழுதியிருப்பார்களாம். பிறகு காலம் மாறி எல்லாவற்றுக்கும் 'ஹேஸ்' ஆகிவிட்டது. பழைய பாட்டிலும் செபத்திலும் மட்டும் அது ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம். 'கோன்' என்ற சொல்லுக்கு மட்டும் இன்றைக்கும் இரண்டும் சொல்லலாம் என்று சொன்னா.

உங்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அந்தக் கிழமை முழுக்க என் காதைத் தின்றீர்கள். "விளங்குதா தம்பி? 'ஹேஸ் கம்' எண்டா அவன் செய்த வேலையச் சொல்லுது. வந்தான், சரி. 'இஸ் கம்' எண்டா ஆளச் சொல்லுது. வந்து, இப்ப இருக்கிறான்." நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்டுதான் நானா. ரெண்டிலயும் ஆள் வந்திட்டான். இறங்குங்கோ, கூழைக்கடா நிக்குது" என்றேன். நீங்கள் இறங்கும்போதும் அதையே முணுமுணுத்துக்கொண்டு இறங்கினீர்கள். வயது போன ஆளுக்கு இது என்ன விசர் என்று நினைத்தேன்.

பிறகு அந்த ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. ராத்தா வந்தா. பஸ்ஸில் வந்து இறங்கியவவை நான்தான் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். கையில் ஒரு சின்னப் பை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அடுத்த நாள் உங்களைக் கண்டதும், "என்ன நானா, ராத்தா வந்தும் மெசேஜ் ஒண்டையும் காணேல்ல?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் கண் சிரிக்கவில்லை. "அது பெருநாளுக்கு வந்தது தம்பி. பையப் பார்த்தியே? அவ்வளவுதான். வந்தா சொல்றன்."

அதுதான் உங்களோடு நான் கதைத்த கடைசிக் கதை.

மறுநாள் காலை, ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தீர்களாம். ராத்தா தேத்தண்ணியோடு வந்தபோது தலை சாய்ந்திருந்ததாம். செய்தி கேட்டு நான் ஓடி வந்தேன். பிள்ளைகள் புத்தளத்திலிருந்து வந்து சேர, பின்னேரத் தொழுகையோடு எல்லாம் முடிந்தது. உங்களைத் தூக்கிக்கொண்டு போன கூட்டத்தோடு நானும் அடக்கம் நடக்கும் மையவாடிப் படலை வரை வந்தேன். உள்ளே உங்கள் ஆட்கள் செய்யவேண்டியதைச் செய்தார்கள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சிலுவை போடப் போன கையை மடக்கிக்கொண்டேன்.

திரும்பி வளவுக்கு வந்தபோது மூத்தவன் வாசலில் நின்று உள்ளே பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தான். அன்று வள்ளத்தில் கைக்குழந்தையாகப் போனவன், இப்போது தாடியில் நரை. "உம்மா, புத்தளத்துக்குப் போவம். இத்தாவ அங்க எங்கட வீட்டில இருக்கலாம். இங்க ஆரு பார்க்கிறது?" புருசன் மௌத்தானால் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடாமல், பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கவேண்டிய அந்த இத்தாவைத்தான் சொன்னான். உள்ளிருந்து ராத்தாவின் குரல் மட்டும் வந்தது. "அவர் மௌத்தான வீட்டிலதான் இத்தா. நீ போ மகன்." அவன் மார்க்கம் படித்த ஆலிம் ஒருவரைக் கேட்டுப் பார்ப்போம், கஷ்டம் என்றால் மாறலாம் என்று சொல்லிப் பார்த்தான். "எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்று பதில் வந்தது. உங்கள் மச்சாள் முறையான ஒரு கிழவியைத் துணைக்கு விட்டுவிட்டு அவர்கள் போனார்கள்.

அந்த நான்கு மாதமும் எனக்கு உங்கள் மேல் கோபம். உண்மையைச் சொல்கிறேன். வருசக்கணக்காக இருந்து பார்த்தவருக்கு இன்னும் ஒரு கிழமை இருந்து பார்க்க ஏலாமல் போனதா? வீதியால் போகும்போது உங்கள் வளவைப் பார்ப்பேன். கிணற்றடிக் கொடியில் வெள்ளைச் சீலை காயும். குசினியால் புகை போகும். நீங்கள் கட்டின அந்தப் பெரிய குசினியில் ஒருநாளும் போகாத புகை. வண்டியை நிறுத்திப் பார்க்க மனம் வரும். ஆனால் நான் ஆம்பிளை, உள்ளே போக முறையில்லை. என் மனுசிதான் மீனும் மரக்கறியும் கொண்டு போய் ராத்தாவோடு இருந்துவிட்டு வருவாள்.

ஒருநாள் மனுசி அங்கிருந்து திரும்பி வந்தாள். மீன் வெட்டப் போனவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "நான் கேட்டுப்போட்டன். இவ்வளவு காலம் ஏன் ராத்தா வராம இருந்தனீங்கள் எண்டு." கேட்கலாமா அப்படி என்று நான் ஏசினேன். "கேட்டன், என்ன இப்ப? அவ கோவிக்கேல்ல. அண்டைக்கு வெளிக்கிடேக்க அடுப்பில சோறு வெந்துகொண்டு இருந்ததாம். இறக்கி வைக்க விடேல்லயாம். பிள்ளையத் தூக்கு, நட எண்டிட்டாங்களாம். வள்ளத்தில இருந்து திரும்பிப் பார்த்தா ஊரே தெரியேல்லயாம். 'வீட்ட விட்டு ஒருக்கா வெளிக்கிட்டன் தங்கச்சி. வந்தா, திரும்பவும் ஆரும் வெளிக்கிடச் சொல்லுவாங்கள். இன்னொருக்கா என்னால ஏலாது. அதுதான் வராம இருந்தன்' எண்டா."

இது உங்களுக்குத் தெரியுமா நானா? தெரிந்துதான் ஒருநாளும் அவவை வற்புறுத்தாமல் "எப்ப வாற?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தீர்களா? அல்லது அவ பிள்ளைகளை விட்டு வர விரும்பவில்லை என்று என்னைப்போல நீங்களும் நினைத்திருந்தீர்களா? இதை உங்களிடம் கேட்காமல் போனதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. "வந்தா சொல்றன்" என்று நீங்கள் வெளியே பார்க்கத் தொடங்கினால் நான் பறவைக் கதையை எடுத்துவிடுவேன்.

இத்தா முடிந்த கிழமை பிள்ளைகள் வாடகை வான் ஒன்றோடு வந்தார்கள். சாமான் ஏற்ற ஒரு கை குறையும் என்று என்னையும் வரச்சொன்னார்கள். ஏற்றுவதற்கு என்ன இருந்தது? உங்கள் சைக்கிள், ஒரு அலுமாரி, பாத்திரங்கள். மூத்தவன் சைக்கிளை வானுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சாத்தினான். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விறாந்தைக்கு வந்தா. நன்றாக மெலிந்திருந்தா. அவ சைக்கிளைப் பார்த்தா, வானைப் பார்த்தா.

"அத எங்க கொண்டு போற?"

"வீட்டுக்கு உம்மா."

"அது வீட்டிலதானே நிண்டது. கொண்டுபோய் இருந்த இடத்தில விடு."

அவன் விளங்காமல் நின்றான். பிறகு விளங்கிக்கொண்டு கெஞ்சத் தொடங்கினான். தனியாக எப்படி, வயது என்ன, வருத்தம் வந்தால் ஆரு, இந்த ஊரில் உங்களுக்கு ஆரைத் தெரியும் என்று எல்லாம் கேட்டான். நியாயமான கேள்விகள்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இங்கயிருந்து திரும்பவும் வெளிக்கிட ஏலாது எண்டுதான் இவ்வளவு காலமும் வரேல்ல மகன். இப்ப வந்தாச்சு. நீயே என்ன வெளிக்கிடச் சொல்லாத" என்றா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவன் அந்த இடத்திலேயே, வானின் படியில் இருந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். அந்த வள்ளத்தில் தான் இருந்தது அவனுக்கு எப்படி நினைவிருக்கும், ஆனால் அன்று அவன் அழுதது அந்த அழுகை போலத்தான் எனக்குப் பட்டது.

ராத்தா அவனை எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டா. எனக்கும் போட்டா. பாரைமீன் ஆணம். சாப்பிட்டு முடிய அவர்கள் வெறும் வானோடு புறப்பட்டார்கள். அடுத்த தரம் வரும்போது தன் தையல் மெசினையும் கோழிக்கூட்டையும் கொண்டுவரச் சொல்லி ராத்தா படலை வரை வந்து சொல்லிவிட்டா. கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது அந்த வளவுக்குள் போனால் மெசின் சத்தம்தான். அயலில் உள்ள பிள்ளைகளின் பள்ளிச் சட்டையெல்லாம் அங்கேதான் தைபடுகிறது.

நானும் புறப்பட்டேன். வண்டியைத் திருப்பியபோது ராத்தா படலையில் நின்றபடி கூப்பிட்டா.

"தம்பி, நீங்க மையவாடிப் பக்கத்தாலதானே போறது?"

"ஓம் ராத்தா."

"நாங்க பொம்பிளையள் அங்க போறதில்ல. நீங்க அந்தப் பக்கம் போகேக்க அவரிட்ட ஒருக்காச் சொல்லிவிடுறீங்களா?"

"என்ன சொல்ல?"

வேம்பைப் பார்த்தா, வீட்டைப் பார்த்தா.

"நான் இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மையவாடிச் சுவரோரம் வண்டியை நிறுத்தி இறங்கினேன். எங்கள் சேமக்காலை என்றால் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்து வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். உங்களுடைய இடத்தில் ஒரு கத்தோலிக்கன் எங்கே நின்று, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆட்கள் போய் வருகிற வீதி வேறு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டிப் பார்த்தேன். எது உங்களுடையது என்று கூட அடையாளம் பிடிபடவில்லை. வாய் திறக்கவில்லை. ஏறி வந்துவிட்டேன். அதன்பிறகும் அந்தப் பக்கத்தால் எத்தனையோ தரம் போயிருக்கிறேன், ஒவ்வொரு தரமும் ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாதவன் போல வேகமாகத்தான் போகிறேன்.

அதனால்தான் எழுதுகிறேன் நானா. ராத்தா சொல்லச் சொன்னது இதுதான்: அவ இருக்கிறா.